நேர்காணலுக்கு முன் நூலகத்தைக் காட்டுங்கள்: உதவி நூலகர் தேர்வு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரே பணியிடத்துக்கு எட்டு மாத இடைவெளியில் இரண்டு முறை நேர்காணல் நடத்த நேர்ந்த ஒரு கல்லூரி நூலகத்தின் கதை இது. இரண்டு முறையும் வெளியிலிருந்து வந்த துறை வல்லுநராகத் தேர்வுக் குழுவில் இருந்தேன். முதல் முறை நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு. தொடர்புடையவர்களின் பெயர், ஊர், கல்லூரி எதையும் சொல்லவில்லை. நூலகரும் பணியில் சேர்ந்தவரும் வரைவைப் படித்து ஒப்புதல் தந்த பிறகே இதை எழுதுகிறேன்.

பின்னணி

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. நூலகத்தில் ஏறக்குறைய 48,000 நூல்கள். அதில் பாதி தமிழ். நூலகர் ஒருவர், உதவி நூலகர் ஒருவர், நூலக உதவியாளர்கள் இருவர். உதவி நூலகர் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றார். நூல் விவரங்களை எழுதிவைத்த அட்டைகளிலிருந்து கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறும் வேலை பாதியில் நின்றிருந்தது. 11,000 நூல்கள் இன்னும் கணினியில் ஏறவில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்தை நிர்வாகமே சம்பளம் கொடுத்து நிரப்ப முடிவு செய்தது.

நாளிதழில் நான்கு வரி விளம்பரம் வந்தது. 'எம்.லிப். முதல் வகுப்பு, நெட் தேர்ச்சி விரும்பத்தக்கது, கணினி அறிவு அவசியம், தகுதிக்கேற்ற ஊதியம்.' எம்.லிப். நூலகவியலில் முதுகலைப் பட்டம்; நெட் கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. 34 பேர் விண்ணப்பித்தார்கள். ஒன்பது பேரை அழைத்தோம், ஏழு பேர் வந்தார்கள்.

முதல் நேர்காணல்

முதல்வர் அறை. நீண்ட மேசைக்கு ஒருபுறம் நாங்கள் ஐந்து பேர்: முதல்வர், செயலர், துறைத்தலைவர்கள் இருவர், நான். மறுபுறம் ஒற்றை நாற்காலி. அந்தக் கல்லூரியின் நூலகர் குழுவில் இல்லை. விண்ணப்பக் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதற்காகக் கதவருகே நின்றிருந்தார். யாரோடு நாள் முழுவதும் வேலை செய்யப்போகிறாரோ அந்த மனிதர் வெளியே நிற்க, வேதியியல் துறைத்தலைவரும் வணிகவியல் துறைத்தலைவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்களே என்று பிறகு பலமுறை வருந்தியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் நூலகத்தில் இருந்த நானாவது, 'அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒவ்வொருவருக்கும் பத்து, பன்னிரண்டு நிமிடம். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றுதான் எல்லோரிடமும் தொடங்கினோம். அதற்குப் பிறகு கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறின. ஒருவரிடம் இந்திய நூலகவியலின் முன்னோடியான ரங்கநாதனின் ஐந்து விதிகளைக் கேட்டோம். அடுத்தவரிடம், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு வெளிவந்த ஆண்டு. பெண்களிடம் மட்டும், திருமணம் ஆகிவிட்டதா, கணவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்ற கேள்விகள். ஆண்கள் யாரிடமும் மனைவி எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பெண், ஊர்ப்புற நூலகம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லத் தொடங்கி, நடுவில் தயங்கி, நிறுத்திவிட்டார். கணவர் பற்றிய கேள்வி வந்தபோது முகம் சுருங்கியது. ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்டோம்.

கடைசியாக வந்த இளைஞர் நெட் தேர்ச்சி பெற்றவர். சரளமான ஆங்கிலம். ஆய்வுத் தரவுத்தளங்கள் பற்றியும் மேற்கோள் மேலாண்மை பற்றியும் நன்றாகப் பேசினார். அவர் வெளியே போனதும் முதல்வர், 'அந்தத் தம்பி தெளிவாகப் பேசினார்' என்றார். செயலர் தலையசைத்தார். துறைத்தலைவர்களும் தலையசைத்தார்கள். பத்து நிமிடத்தில் முடிவு முடிந்துவிட்டது. முதலில் பேசியவர் பதவியில் மூத்தவர் என்பதால் மற்ற நால்வரும் தங்கள் கருத்தைச் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. அப்போது எனக்கு அது ஒற்றுமையாகத் தெரிந்தது.

ஐந்து மாதங்கள்

அந்த இளைஞர் ஐந்தாம் மாத இறுதியில் விலகினார். அவர் சோம்பேறி அல்ல, திறமை குறைந்தவரும் அல்ல. காலை எட்டரைக்கு நூலகம் திறக்க வேண்டும், மாலை ஆறுக்குப் பூட்ட வேண்டும், சனிக்கிழமையும் உண்டு என்பது சேர்ந்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நாளின் பெரும்பகுதி நூல் வழங்கும் கவுண்டரில் கழிந்தது. மீதி நேரம் பார்கோடு ஒட்டுவது, முதுகு எண் எழுதுவது, திரும்பி வந்த நூல்களை அடுக்கில் வைப்பது. ஆய்வாளர்களுக்கு உதவும் வேலை என்று நினைத்து வந்தவருக்கு இவை பெரிய ஏமாற்றம்.

நூற்பட்டியலிலும் ஒரு சேதம் ஏற்பட்டது. தமிழ் நூல்களில் ஏறக்குறைய 600 பதிவுகளை அவர் ஏற்றியிருந்தார். ஆங்கிலப் பெயர்களுக்குக் கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவரும் பழக்கத்தைத் தமிழ்ப் பெயர்களுக்கும் அப்படியே பின்பற்றிவிட்டார். உ. வே. சாமிநாதையர் 'ஐயர், உ. வே. சாமிநாத' ஆனார், வையாபுரிப்பிள்ளை 'பிள்ளை'க்குப் போனார். உ. வே. என்பது ஊரும் தந்தை பெயரும், உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர். 'சாமிநாதையர்' என்று தேடும் மாணவருக்கு அந்த நூல்களில் பாதி திரையில் வராது. அடுக்கில் இருக்கும், பட்டியலில் இல்லை. நூலகத்தைப் பொறுத்தவரை அது தொலைந்த நூலுக்குச் சமம். இந்தத் திறனைச் சோதிக்கும் ஒரு கேள்விகூட நாங்கள் கேட்டிருக்கவில்லை.

அவர் விலகிய பிறகு தொலைபேசியில் பேசினேன். குறை சொல்லாமல் பேசினார். ஒரு வாக்கியம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது: 'சார், நேர்காணலுக்கு வந்த அன்று யாரும் என்னை நூலகத்துக்குள் அழைத்துப் போகவில்லை. நானும் கேட்கவில்லை.'

இரண்டு பக்கத்துப் பிழையையும் அவரே ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

நூலகத் துறையில் இது புதிதல்ல. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த ரங்கநாதன் அதற்குமுன் கணித ஆசிரியர். சேர்ந்த சில நாட்களிலேயே அந்தத் தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டன் போய்ப் பயிற்சி பெற்று, இங்கிலாந்தின் பொது நூலகங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் இந்த வேலையில் மனம் ஊன்றினார். 1931-இல் ஐந்து விதிகளை நூலாக எழுதியவருக்கே, வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. நாங்களோ நேர்காணலில் அவருடைய விதிகளை ஒப்பிக்கச் சொன்னோம்.

ஒரு வார வேலையை எழுதிப் பார்த்தோம்

மறுபடி விளம்பரம் கொடுப்பதற்கு முன் நூலகர் என் வீட்டுக்கு வந்தார். 'சார், இந்த முறையும் அதே மாதிரி செய்தால் அடுத்த வருடமும் இதே இடத்தில்தான் நிற்போம்' என்றார். காலியிடத்தின் வேலையை அவரே பார்த்துக்கொண்டிருந்ததால், ஆறு நாட்கள் என்னென்ன செய்கிறார் என்பதை மணி வாரியாக ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன். மொத்தம் 54 மணி நேரம். கவுண்டரும் அடுக்குகளும் 31 மணி. புதிய நூல்களுக்குச் சேர்க்கைப் பதிவு, முத்திரை, பார்கோடு, முதுகு எண் 11 மணி. பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது 6 மணி. பதிவேடுகள், அபராதக் கணக்கு, நிலுவையின்மைச் சான்று 4 மணி. மின் வளங்கள், அதாவது இணையவழி இதழ்களும் நூல்களும், 2 மணி.

அந்த நோட்டைப் பார்த்ததும் எங்கள் முதல் நேர்காணல் எவ்வளவு விலகிப் போயிருந்தது என்பது புரிந்தது. இரண்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசி ஆளை எடுத்தோம். 31 மணி நேர வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எடுத்த முடிவுகள்

நூலகர் தேர்வுக் குழுவில் இருக்க வேண்டும் என்பது முதல் முடிவு. முதல்வர் உடனே ஒப்புக்கொண்டார். குழு நான்கு பேராகக் குறைந்தது: முதல்வர், செயலரின் பிரதிநிதி, நூலகர், நான்.

விளம்பரத்தில் வேலை நேரம், சனிக்கிழமைப் பணி, மாதச் சம்பளம், வேலையில் எந்தப் பகுதி எவ்வளவு என்பதெல்லாம் இடம்பெற வேண்டும் என்றோம். சம்பளத்தைப் போடுவதில் செயலருக்கு விருப்பமில்லை. 'குறைவாக இருக்கிறது என்று நல்லவர்கள் வராமல் போய்விடுவார்களே' என்றார். நூலகர் அமைதியாகச் சொன்னார்: 'வந்து, தெரிந்துகொண்டு, போவதைவிட வராமல் இருப்பது நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது ஐயா. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு நாள் விடுப்பு எடுத்து வருகிறார்கள்.' அந்தக் கடைசி வாக்கியம்தான் செயலரை இறங்கி வர வைத்தது என்று நினைக்கிறேன். சம்பளம் அச்சானது.

செய்முறைத் தேர்வு வைப்பதில் முதல்வருக்கு முதலில் தயக்கம். எம்.லிப். படித்தவர்களைச் சோதிப்பது அவமதிப்பு ஆகாதா என்று கேட்டார். அவர் வேதியியல்காரர். 'ஆய்வக உதவியாளர் எடுக்கும்போது பியூரெட்டைக் கையில் கொடுத்துப் பார்க்காமல் எடுப்பீர்களா?' என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையையும் அவரிடம் கொடுத்தேன். வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிடுவதும், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட ஒருவரின் பிற்கால வேலைத்திறனை நன்றாகக் காட்டுகின்றன என்பது அதன் முடிவுகளில் ஒன்று.

ஆறு கேள்விகளை முன்கூட்டியே எழுதினோம்; எல்லோருக்கும் அதே ஆறு, அதே வரிசை. 'அபராதம் கட்ட மறுத்துக் குரலை உயர்த்தும் மாணவரை எப்படிக் கையாண்டீர்கள்? நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்பது ஒன்று. 'இருப்புச் சரிபார்ப்பில் நூறு நூல்கள் காணவில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்பது இன்னொன்று. திருமணம், குடும்பம், சாதி, சொந்த ஊர் பற்றி யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் வைத்தோம். பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். ஒருவர் வெளியே போனதும் நால்வரும் பேசிக்கொள்ளாமல் மதிப்பெண்ணை எழுதி உறையில் போட வேண்டும். மூத்தவர் கருத்து மற்றவர்களை இழுத்துச் செல்லாதிருக்க இது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. கேள்விகளுக்கு 30, நூல்களோடு செய்யும் வேலைக்கு 40, மாணவரை எதிர்கொள்வதற்கு 30 மதிப்பெண்.

முதல் முறை வந்தவர்களில் தேர்வாகாத ஆறு பேரையும் நூலகரே தொலைபேசியில் அழைத்து, மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார். மூன்று பேர் விண்ணப்பித்தார்கள்.

இரண்டாம் நேர்காணல் நாள்

இந்த முறை 22 விண்ணப்பங்கள். ஆறு பேரை அழைத்தோம், ஆறு பேரும் வந்தார்கள். பருவ இதழ்ப் பிரிவில் இருந்த வட்ட மேசையில் உட்கார்ந்தோம். நேர்காணலுக்கு முன் ஒவ்வொருவரையும் இளைய நூலக உதவியாளர் கால் மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டினார். இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

சுற்றிப் பார்த்து வந்த ஒருவர், பொறியியல் கல்லூரி நூலகத்தில் 12 ஆண்டு அனுபவம் உள்ளவர், எங்களிடம் வந்து, 'என் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரைக்கு இங்கே வந்து சேர முடியாது. விளம்பரத்தில் படித்தேன், சமாளிக்கலாம் என்று நினைத்தேன். பஸ் நிலையத்திலிருந்து இவ்வளவு தூரம் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது' என்று சொல்லி விடைபெற்றார். தேநீர் கொடுத்து அனுப்பினோம். அவருக்கும் எங்களுக்கும் ஐந்து மாதம் மிச்சம்.

தள்ளுவண்டியில் ஐந்து நூல்கள் வைத்திருந்தோம். கரிம வேதியியல் பாடநூல் ஒன்று. சித்த மருத்துவ நூல் ஒன்று. கட்டு செய்யப்பட்ட இதழ்த் தொகுதி ஒன்று. சாமிநாதையர் நூல் ஒன்று. முன் அட்டையும் தலைப்புப் பக்கமும் கிழிந்துபோன தமிழ் நூல் ஒன்று. 40 நிமிடத்தில் ஐந்துக்கும் பகுப்பெண் (பொருளுக்கேற்ப எந்த அடுக்கில் வைப்பது என்று காட்டும் எண்) தந்து, பட்டியலில் ஏற்றத் தேவையான விவரங்களை எழுத வேண்டும். அந்த எண்களைப் பார்க்க டூயி பகுப்பு நூல், கணினி, சேர்க்கைப் பதிவேடு எல்லாம் பக்கத்திலேயே இருந்தன.

முதல் முறை ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்ட அந்தப் பெண்ணும் வந்திருந்தார். பேனாவைத் தொடுவதற்கு முன் அவர் நூலகரிடம் கேட்டார்: 'மேடம், இந்த நூல்கள் ஏற்கெனவே இங்கே இருக்கின்றனவா என்று கணினியில் பார்த்துக்கொள்ளலாமா?' பார்த்தார். வேதியியல் நூலுக்கு ஏற்கெனவே மூன்று படிகள் இருந்தன. அதே எண்ணை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் அந்த நூலுக்குப் புதிதாக எண் அமைக்க ஆறேழு நிமிடம் செலவிட்டார்கள். அப்படி அமைத்த எண் சரியாகவே இருந்தாலும், நான்காவது படி வேறு அடுக்குக்குப் போய்விடும்.

சாமிநாதையர் நூலைக் கையில் எடுத்தவர், தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811-இன் கீழ் எண் கொடுத்துவிட்டு, ஆசிரியர் தலைப்பை 'சாமிநாதையர், உ. வே.' என்று எழுதினார். கணினியில் அதே பெயர் மூன்று விதமாகக் கிடப்பதைக் கண்டு தாளின் ஓரத்தில் சிறிதாக, 'மூன்றையும் ஒன்றாக்க வேண்டும்' என்று குறித்துவைத்தார். அதைச் செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை.

கிழிந்த நூல்தான் கடினமானது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பிறகு நிமிர்ந்து, 'உங்கள் ரகசியப் பக்கம் எது மேடம்?' என்றார். நூலகர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நூலகத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: தலைப்புப் பக்கம் கிழிந்தாலும் நூல் நம்முடையதுதான் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பக்க எண்ணைத் தேர்ந்தெடுத்து, எல்லா நூல்களிலும் அந்தப் பக்கத்தில் முத்திரையும் சேர்க்கை எண்ணும் இடும். பக்க எண்ணைச் சொன்னோம். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை எடுத்து, சேர்க்கைப் பதிவேட்டில் விரலை ஓட்டி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை எல்லாவற்றையும் நான்கு நிமிடத்தில் எழுதிவிட்டார். முதல்வருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. விளக்கிச் சொன்னபோது நூலை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானும் ஒருமுறை பார்த்தார்.

அடுத்தது மாணவர். முதலாண்டு வரலாறு படிக்கும் ஒரு பையனை ஏற்பாடு செய்திருந்தோம். எல்லோரிடமும் அவன் ஒன்றையே கேட்டான்: 'நூலகச் சட்டம் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?' அவனுக்கு உண்மையில் வேண்டியது நாலு பக்கக் கட்டுரைக்குத் தமிழில் எளிமையாக ஏதாவது. ஆனால் கேட்டால் ஒழியச் சொல்லக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தோம். ஒருவர் 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் பற்றியும் சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி பற்றியும் பிழையில்லாமல் ஐந்து நிமிடம் பேசினார். பையன் வெறுங்கையோடு திரும்பினான். இன்னொருவர் கணினியைக் காட்டி, 'அதில் தேடிப் பாருங்கள்' என்றார். அந்தப் பெண், 'உட்காருங்கள் தம்பி. யார் கேட்டிருக்கிறார்கள்? என்றைக்குத் தர வேண்டும்? தமிழில் வேண்டுமா?' என்று கேட்டு, எழுந்து அவனோடு நூலகவியல் அடுக்கு வரை நடந்தார். முதலில் தவறான வரிசைக்குப் போனார். 'எனக்கும் இந்த இடம் புதிது, சேர்ந்து தேடுவோம்' என்று அவனிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து சரியான வரிசையைப் பிடித்தார்.

விண்ணப்பதாரர்கள் பக்கம் கண்டவை

வேலை தேடுபவர்களுக்குப் பயன்படக் கூடும் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆறு பேரில் ஒருவர் மட்டுமே நேர்காணலுக்கு முன் கல்லூரியின் இணைய நூற்பட்டியலைத் திறந்து பார்த்திருந்தார். அது யாருக்கும் திறந்தே இருக்கிறது. ஒரு நூலகத்தின் பலமும் பலவீனமும் அரை மணி நேரத்தில் அதில் தெரிந்துவிடும்: எந்தத் துறையில் நூல் அதிகம், தமிழ்ப் பதிவுகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றனவா, ஒரே ஆசிரியர் எத்தனை பெயர்களில் இருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் எங்களிடம், '11,000 நூல்களை ஏற்றி முடிக்க என்ன கால அளவு வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டார். அன்று எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதைவிட நல்லது இல்லை. எங்களிடம் பதிலும் இல்லை.

'கோஹா தெரியும்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்த ஒருவர், கணினி முன் உட்கார்ந்ததும் புதிய பதிவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறினார். வகுப்பில் பார்த்ததைத் 'தெரியும்' என்று எழுதியிருக்கிறார். 'படித்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை' என்று எழுதியிருந்தால் நாங்கள் குறைவாக நினைத்திருக்க மாட்டோம். அந்தப் பெண்ணிடம், கல்லூரிகளுக்கு மின் வளங்களை வழங்கும் என்-லிஸ்ட் திட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, 'கேள்விப்பட்டிருக்கிறேன், பயன்படுத்தியதில்லை. நான் வேலை பார்த்த நூலகத்தில் இணைய இணைப்பு இல்லை' என்றார். அந்தக் கேள்விக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண்தான் கிடைத்தது. ஆனால் அவர் சொன்ன மற்றவை எல்லாம் உண்மை என்று நம்ப அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

தடித்த சான்றிதழ்க் கோப்பு யாருக்கும் உதவவில்லை. செய்த வேலையை எண்ணோடும் இடத்தோடும் சொன்னவர்களுக்கே அதிக மதிப்பெண் விழுந்தது. 'நூலக மேலாண்மையில் அனுபவம் உண்டு' என்பதும், 'கோடை விடுமுறையில் இரண்டு பேராக 4,000 நூல்களுக்கு இருப்புச் சரிபார்த்தோம். 63 காணவில்லை, அதில் 20 தவறான அடுக்கில் கிடைத்தன' என்பதும் ஒன்றாக முடியாது. இரண்டாவதைச் சொன்னவர் அங்கே இருந்திருக்கிறார்.

மதிப்பெண்ணும் முடிவும்

உறைகளைப் பிரித்தோம். அந்தப் பெண்ணுக்குச் சராசரி 71. பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருந்த இளைஞருக்கு 68. மற்றவர்கள் யாரும் 55-ஐத் தாண்டவில்லை.

மூன்று மதிப்பெண் பெரிய வேறுபாடு இல்லை. முதல்வர் அந்த இளைஞருக்கே கூடுதலாகப் போட்டிருந்தார். மின் வளங்களில் அவர் வலுவானவர், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது பயன்படுவார் என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம்தான். 25 நிமிடம் பேசினோம். நூலகர் அந்த ஆறு நாள் நோட்டை மேசையில் வைத்தார். மின் வளங்களை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிட முடியும். மாணவரோடு எழுந்து நடப்பதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். இரண்டு மணி நேர வேலையின் குறை, 31 மணி நேர வேலையின் பலம் என்று எடை போட்டோம். முதல்வர் ஒப்புக்கொண்டார்; தன் மாற்றுக் கருத்தையும் குறிப்பில் பதியச் சொன்னார். பதிந்தோம்.

நூலகத்தைச் சுற்றிக் காட்டிய உதவியாளரின் அபிப்பிராயத்தைக் கேட்கலாமா என்ற ஆசை அந்த வேளையில் எல்லோருக்கும் வந்தது. மதிப்பெண் இல்லை என்று விண்ணப்பதாரர்களிடம் சொல்லியிருந்தோம். ஆகவே கேட்கவில்லை.

பின்னர் நடந்தவை

அவர் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தவறான தலைப்பில் கிடந்த 600 பதிவுகளை நான்கு மாதத்தில் சரிசெய்தார். என்-லிஸ்ட் பழக ஒரு மாதம் போதும் என்று நினைத்தோம். மூன்று மாதம் ஆனது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத இன்றும் நூலகரின் உதவியைக் கேட்கிறார். 11,000 நூல்களில் ஏறக்குறைய 7,000 ஏறியிருக்கின்றன. நாங்கள் எதிர்பார்த்த வேகம் இல்லை. காரணம், கவுண்டரில் கூட்டம் கூடிவிட்டது. போன கல்வியாண்டில் ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் மாணவிகள் நாலைந்து பேர் 'அக்கா, அக்கா' என்று அவரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு தலைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிகழ்வில் ஒரு தவறு சரிசெய்யப்படாமலே இருக்கிறது. இரண்டாம் இடம் பெற்ற இளைஞருக்கு முடிவைத் தெரிவிக்க ஏழு வாரம் ஆகிவிட்டது. நியமன ஆணை நிர்வாகக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அதுவரை யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அலுவலகம் இருந்துவிட்டது. அதற்குள் அவர் வேறொரு கல்லூரியில் கிடைத்த தற்காலிக வேலையை, இங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டார். முதல்வருக்கு அவர் எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. 'இல்லை என்று ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் போதும்' என்று எழுதியிருந்தார். முதல்வர் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார், பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார். அவர் இழந்தது அதனால் திரும்பிவிடவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

நேர்காணல் முடிந்த ஐந்து வேலை நாட்களுக்குள் எல்லோருக்கும் நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது விதி வைத்திருக்கிறோம். ஒப்புதல் வரவில்லை என்றால், 'நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறீர்கள், வேறு வாய்ப்பு வந்தால் விட்டுவிட வேண்டாம்' என்றாவது சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது என்பதையும் நூலகர் சொல்வார். தேர்வாகாத ஒருவர் இதைக் கேட்டு, பகுப்பாக்கப் பயிற்சிக்கு இங்கேயே இரண்டு வாரம் வந்துபோனார்.

செய்முறைத் தேர்வு இருக்கும் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதாதது எங்கள் குறை. வந்து நின்ற பிறகு தள்ளுவண்டியைக் காட்டியதில் இரண்டு பேர் பதறிப்போனார்கள். என்ன செய்யச் சொல்வோம், எந்த மென்பொருள், எவ்வளவு நேரம் என்பதை அடுத்த முறை முன்பே தெரிவிப்போம். வாசகர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் தேர்வு வைத்ததும் சரியில்லை. பழைய மாணவர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவருக்கு அதனால் கை நடுங்கியது. ஒரு மணி நேரம் நூலகத்தை மூடிவிட்டு நடத்தலாம்.

நூலக உதவியாளர் ஒருவர் அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அவருடைய வேலையை இப்போதே நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து நேர்காணலுக்கு வருபவர்களுக்கு பஸ் கட்டணம் தர வேண்டும் என்று நூலகர் எழுதிக் கொடுத்த கோரிக்கை, நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போகிறது.